சத்தமாகப் படிக்க வேண்டாம்

ஜூன் 9

முதலாளியம்மா அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பை ஆசை தீர இரண்டு முறை படித்த உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, மழைக்கு ஒழுகும் சமையலறை மூலை, மூன்றும் சௌக்கியம்.

நீ விடுதிக்குத் திரும்பியதிலிருந்து பட்டறையில் நான் தைத்து முடிக்கும் பஸ் சீட்டுகளுக்குப் பரிசோதனை அதிகாரி இல்லை. ஏழு வயதில் ஒவ்வொரு பஸ் சீட்டிலும் ஏறிக் குதித்து உட்கார்ந்து "இது பாஸ், இது ஃபெயில்" என்று சொல்லிக்கொண்டே போனாயே, அன்று வைத்த பட்டம்தான் இந்த முதலாளியம்மா. நிஜ முதலாளி அவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது.

பெல்ட் எப்படி இருக்கிறது? இடுப்பில் உரசுகிறது என்று நீ சொன்னதற்கு நான் உள்ளே ஒட்டித் தந்தது முதல் தரமான ஸ்பாஞ்சு. தொலைதூர பஸ்ஸில், அதுவும் முன்வரிசையில் மட்டும்தான் அதைப் போடுவோம். டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும். குளிக்கும் நேரம் தவிரக் கழற்றக் கூடாது. கழற்றினால் முதுகெலும்பின் வளைவு கூடும், கூடினால் கத்தி வைக்க வேண்டிவரும். அதனால்தான் அப்பா அதை மெத்தை மாதிரி ஆக்கி அனுப்பியிருக்கிறேன். பட்டையை மட்டும் கொஞ்சம் இழுத்து மாட்டு.

உன் போன கடிதம் சபையில் படிக்கப்பட்டது. வழக்கம்போல நான் நின்றுகொண்டு படித்தேன், உன் அம்மா ரொட்டிக் கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் கேட்டாள், கீழ்வீட்டு அத்தை கையில் டீ டம்ளரோடு மாடியேறி வந்துவிட்டார். உங்கள் வார்டனுக்கு நான் ஒரு மூக்கடைத்த குரல் கொடுத்திருக்கிறேன். அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று டம்ளரை வைத்துவிட்டு, "ஐயையோ, அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்" என்று இறங்கி ஓடிவிட்டார். எப்போது பார்த்தாலும் நான் உச்சத்துக்கு வரும்போதுதான் அந்த வீட்டில் பால் பொங்குகிறது. ஒரு கலைஞனுக்கு எவ்வளவு கஷ்டம் பார்.

வார்டன் அறைப் போனில் வாரம் ஒரு தடவை நீ சொல்லும் "ம்"களை வைத்துச் சபை நடத்த முடியாது. பெரிய கடிதமாக எழுது.

தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்,
அப்பா


ஜூன் 23

அப்பாவுக்கு,

நலம். அம்மா நலமா? அத்தை நலமா?

பெல்ட் நன்றாக இருக்கிறது. படிப்பு நன்றாகப் போகிறது. பள்ளி நாடகத்தில் என்னைச் சேர்த்தார்கள், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நாடகம். நேரம் வீண்.

சீருடைப் பாவாடை இன்னும் இரண்டு தைத்து அனுப்பச் சொல்லுங்கள். கருநீலத்தில் எவ்வளவு அடர்த்தியாகக் கிடைக்குமோ அவ்வளவு. பழையவற்றில் மை கொட்டிவிட்டது.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மகள்


ஜூலை 15

முதலாளியம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தடவை காகிதம் தீர்ந்துவிட்டதால் இதையே அனுப்புகிறேன்.

பார்வையாளர் ஞாயிறன்று வந்தேன். வேப்பமர நிழலில் உன் தோழிகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, "அங்கிள், ஒரு கதை சொல்லுங்க" என்றார்கள். நமக்குக் கேட்கவா வேண்டும்? டிரைவர் சீட்டுக்கு நான் ஸ்பாஞ்சு போட்ட கதையை எடுத்துவிட்டேன். எவ்வளவு உயரமாகப் போட்டேன் என்றால், பாவம் அந்த டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் தலை போய்க் கூரையில் இடித்தது. "ஹாரனைக் கழட்டிருங்கண்ணே, இனிமே பள்ளத்துல இறங்கும்போதெல்லாம் நானே சத்தம் போட்டுக்கறேன்" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ எழுந்தாய். நடந்து போய்விட்டாய். மணி அடிக்கும்வரை வரவேயில்லை. முதலாளி என்னைப் பார்த்து, "உன் கையில ஸ்பாஞ்சைக் கொடுத்தா கல்லுக்கும் மெத்தை போடுவே" என்று சொன்ன கடைசிக் கட்டத்தைச் சொல்லி முடிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

சின்ன வயதில் அந்தக் கதைக்கு நீ தரையில் உருண்டு சிரிப்பாய். சரி, வயது ஏறுகிறது. பெரிய பள்ளிக்கூடம். அங்கே வருகிற அப்பாக்கள் எல்லாரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார்கள். நான் ரெக்சின் பசை ஒட்டிய நகத்தோடு கோமாளி வேஷம் போட்டால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? எனக்கே கண்ணாடி பார்த்தால் கொஞ்சம் இருக்கிறது.

அதனால் ஒரு முடிவு. அடுத்த தடவை அம்மா வருவாள். நான் வாசலோடு நின்று பையைக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று. வார்டன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். படிக்கிற நேரத்தில் நீ பெல்ட்டைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்துவிடுகிறாயாம். சாப்பாட்டில் தண்ணீரைத் தொடுவதே இல்லையாம். எல்லாரும் ஒரு மேசை என்றால் நீ கடைசி மேசையாம். அப்பாமேல் கோபம் என்றால் அப்பாவிடம் காட்டு. முதுகிடம் காட்டாதே. எக்ஸ்ரே எடுக்கிற தேதி கிட்டத்தில் வருகிறது.

இந்தக் கடிதம் சபைக்கு வராது. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அப்பா


ஜூலை 21

அப்பா,

இதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். நீங்களும் அம்மாவும் மட்டும் படியுங்கள். உட்கார்ந்து படியுங்கள். நின்றால் நீங்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அன்றைக்கு எனக்கு உங்களால் கூச்சம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் போனேன்.

சிரித்தால் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடுகிறது. தும்மினாலும், படியில் வேகமாக இறங்கினாலும் வருகிறது. நிறைய இல்லை. ஆனால் தெரிகிற அளவு. போன வருடமே எப்போதாவது இருந்தது. லீவு முடிந்து வந்த பிறகு அதிகமாகிவிட்டது. அன்று நீங்கள் ஹாரன் என்றதும் ஆகிவிட்டது. மணி அடிக்கும்வரை குளியலறையில் இருந்தேன். கதையின் முடிவு எனக்குத் தெரியும், இருந்தாலும் நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது.

பாவாடையில் மை கொட்டவில்லை. நாடகத்துக்கு நேரம் இல்லாமலும் இல்லை. கடைசி மேசையில் இருந்தால் யாரும் சிரிக்கவைக்க மாட்டார்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தேன். சாயங்காலம் எரிகிறது.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் இது கூடுகிறது. கழற்றினால் குறைகிறது. கழற்றினால் வளைவு கூடும் என்று எனக்கும் தெரியும். போட்டால் இது, கழற்றினால் அது. எதை எடுப்பது என்று தெரியாமல் பாதி நேரம் போட்டுக்கொள்கிறேன். இரண்டுமே கெட்டுப்போகிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஒட்டிய ஸ்பாஞ்சு மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் அது உள்ளே இடத்தை அடைத்துக்கொள்கிறது. பட்டையை இழுத்து மாட்டியதும் வயிற்றை யாரோ கையால் கீழே தள்ளுகிற மாதிரி இருக்கிறது. லீவில் அதை ஒட்டித் தந்த அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்று "பாஸா, ஃபெயிலா முதலாளி?" என்று கேட்டீர்கள். நான் பாஸ் என்றேன். உங்கள் முகம் அப்படி இருந்தது, வேறு எப்படிச் சொல்வது?

டாக்டர் எக்ஸ்ரேயைத்தான் பார்ப்பார். என்னை எதுவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இது சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் வருவது என்று நினைத்திருந்தேன். எனக்குப் பதினைந்து வயதாகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. போனில் சொல்ல முடியாது, பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். கடிதத்தில் எழுதினால் நீங்கள் அத்தையை வைத்துக்கொண்டு படித்துவிடுவீர்களோ என்று பயம்.

இனிமேல் அம்மா மட்டும் வருவாள் என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

மகள்


ஜூலை 24

மகளுக்கு,

கடிதம் வந்தது. உட்கார்ந்து படித்தோம். அத்தை மேலே வந்தார். இன்று கடிதம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை நானும் அம்மாவும் வருகிறோம். வார்டனிடம் முதுகுக்கு ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். இந்த மாதிரி விஷயத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு பிசியோதெரபி அம்மா இருக்கிறாராம். உன் அம்மா விசாரித்துவிட்டாள்.

அதுவரை தண்ணீர் குடி. நாலு பாவாடை வைத்திருக்கிறோம்.

அந்த ஸ்பாஞ்சில் நான் இனிக் கை வைக்கமாட்டேன். பெல்ட் செய்தவரே எடுக்கட்டும். அதை ஃபெயில் என்றே எழுதிக்கொள்.

அப்பா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தப் பக்கம் உங்களுக்கும் அம்மாவுக்கும். அடுத்த பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்குக் கீழே இருப்பதைச் சபையில் படிக்கலாம்.

ஆஸ்பத்திரியில் உள்ளே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. அம்மாவும் "எல்லாம் சரியாயிடும்" என்பதற்கு மேல் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். நீங்கள் வெளியே உட்கார்ந்து ஆஸ்பத்திரி பெஞ்சின் தையலைப் பிரித்து உள்ளே என்ன திணித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் வந்து சொன்னார். அதனால் நானே எழுதுகிறேன்.

பிசியோ அக்கா எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே, "சிரிச்சா, இருமினா கசியுதா?" என்று கேட்டுவிட்டார், சாப்பிட்டாயா என்று கேட்பது போல. எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கும் வந்தது. அக்கா இரண்டு பேருக்கும் ஒரே கைக்குட்டையைக் கொடுத்தார்.

இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி சில தசைகள் இருக்கின்றனவாம். சிறுநீர்ப்பையைத் தாங்குவது அவைதான். மேலே மூச்சுத் தசை, முன்னால் வயிறு, பின்னால் முதுகு, அடியில் இந்தத் தொட்டில், நாலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். எனக்கு முதுகு திருகியிருப்பதால் இடுப்பும் சாய்ந்திருக்கிறது. தொட்டில் ஒரு பக்கம் விறைத்தும் ஒரு பக்கம் தொய்ந்தும் இருக்கிறதாம். அதற்கு மேல் பெல்ட்டும் வயிற்றை அழுத்தினால் பாரம் முழுக்கக் கீழேதான் போகும். முதுகு வளைந்த எல்லாருக்கும் இது வராது, வளையாதவர்களுக்கும் வரும். ஆனால் வளைந்த பிள்ளைகளிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது என்றார். இதே அறைக்கு என் வயதில் எத்தனையோ பேர் வருகிறார்களாம். எல்லாரும் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே வருகிறார்களாம்.

தண்ணீரைக் குறைத்ததுதான் பெரிய தப்பு. அதனால்தான் எரிச்சல், அதனால் மலச்சிக்கல், அதனால் இன்னும் கசிவு. எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரை முடிந்தது. எரிச்சல் இல்லை.

பெல்ட் செய்கிறவர் உங்கள் ஸ்பாஞ்சு முழுவதையும் சுரண்டி எடுத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. "யாரும்மா இது, உள்ள பஸ் சீட்டே கட்டியிருக்காங்க?" என்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத் திருத்தித் தந்திருக்கிறார். இப்போது நாள் முழுக்கப் போட்டுக்கொள்கிறேன். எக்ஸ்ரேயில் வளைவு கூடவில்லை. குறையவும் இல்லை. அதுவே நல்ல செய்தி என்று டாக்டர் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். சீட்டின் சட்டம் திருகினால் அடியில் கட்டுகிற பட்டை ஒரு பக்கம் தொய்ந்துவிடும், அதுதானே என்று. அதை அக்காவிடம் சொன்னேன். பாதி சரி என்றார். பட்டை தொய்ந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் தசை கற்றுக்கொள்ளுமாம். இறுக்க மட்டும் இல்லை, தளர விடவும் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. வார்டனிடம் நானே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமைதோறும் அவர்தான் கூட்டிப்போகிறார். பாட நேரத்தில் கை தூக்காமலே எழுந்து போக எனக்கு அனுமதி வாங்கித் தந்துவிட்டார். அவருக்கு நீங்கள் கொடுத்த குரலை மாற்றிவிடுங்கள்.

கசிவு முழுக்க நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

இப்போது உங்கள்மேல் ஒரு புகார். சிரிப்பு வரும்போது மூச்சை விட்டு, தொட்டிலை மேலே தூக்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். இது அக்கா கொடுத்த வீட்டுப்பாடம். ஆனால் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் முழுக்க நீங்கள் எழுதிய கடிதங்கள் மின்சார ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கின்றன. "மருந்து சாப்பிடவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." சிரிக்கவைப்பது எனக்குக் கெடுதல் என்று நீங்களே நிறுத்திவிட்டீர்கள் என்று தெரிகிறது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த பார்வையாளர் ஞாயிறு நீங்கள் வர வேண்டும். வாசலோடு நிற்கக் கூடாது. கதை சொல்லும்போது நான் எழுந்து போனால், அது ஒன்றுக்குப் போவது, அவ்வளவுதான். திரும்பி வருவேன். அதுவரை கதையை நிறுத்தி வையுங்கள்.

மகள்

_______________

சபையோருக்கு: நான் நலம். நாடகத்தில் சேர்ந்திருக்கிறேன். வசனம் இல்லாத வேஷம், நிமிர்ந்து நிற்கும் அரண்மனைக் காவலாளி. பெல்ட் போட்டிருப்பதால் ஒத்திகையே தேவையில்லை என்று டீச்சர் சொல்கிறார். அத்தைக்கு என் அன்பு.


செப்டம்பர் 6

முதலாளியம்மா சமூகத்துக்கு,

புகார் கிடைத்தது. ஊழியன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். மின்சார ஆபீஸில் என்னை வேலைக்கு எடுக்கமாட்டார்கள், அங்கே எட்டாம் வகுப்பை ஒரே தடவையில் முடித்திருக்க வேண்டும்.

வீட்டுப்பாடத்துக்கு இந்த வாரச் சரக்கு. மூச்சை விட்டுக்கொண்டு படிக்கவும்.

முதலாளியின் சுழல் நாற்காலிக்குப் புது ரெக்சின் போட்டேன். அன்றைக்கென்று பெரிய பஸ் கம்பெனிக்காரர் ஆர்டர் கொடுக்க வந்தார். முதலாளி கம்பீரமாக வந்து உட்கார்ந்தார். உள்ளே இருந்த காற்று முழுக்க ஒரே மூச்சில் வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது, நேரில் செய்து காட்டுகிறேன். கம்பெனிக்காரர் கூரையைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "சீட்டுதான் சார்" என்றேன். முதலாளி எழுந்து, "நீ உட்காருடா, சீட்டுதான்னு சார் கேட்கட்டும்" என்றார். நான் உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை. எழுந்து குதித்தும் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் முதலாளி என்னோடு பேசும்போதெல்லாம் நின்றுகொண்டேதான் பேசுகிறார்.

ஆர்டர் கிடைத்துவிட்டது. பரிதாபப்பட்டுக் கொடுத்தார் போலிருக்கிறது.

உன் கோட்டுக்குக் கீழ்ப் பகுதியைச் சபையில் படித்தேன். காவலாளிக்குப் பலத்த கைதட்டல். அத்தை எட்டிப் பார்த்து, "மேல நிறைய எழுதியிருக்காளே?" என்றார். "அது ஆபீஸ் விஷயம்" என்றேன். வார்டனுக்கு இப்போது நல்ல கம்பீரமான குரல், செய்தி வாசிப்பவர் மாதிரி.

அடுத்து இந்த நாற்காலிக் கதையையும் சொன்னேன். கம்பெனிக்காரர் கூரையைப் பார்க்கும் இடத்தில் அத்தை சிரிக்க ஆரம்பித்தார். முதலாளி என்னை உட்காரச் சொன்ன இடத்தில் டம்ளரை வைத்தார். "அடுப்புல பால்..." என்று படியிறங்கினார். நான் மேலே தொடரப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னாள், "அவங்க வீட்டுல பால் வாங்கி எவ்வளவோ நாளாச்சு. டீயே கறுப்பாத்தானே குடிக்கிறாங்க, பாத்ததில்லையா?"

அந்த டம்ளரைப் பார்த்தேன். கறுப்பு டீதான். இத்தனை காலம் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் உன் அம்மா கீழே போய் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் போல வெளியே பெஞ்சில் உட்காரப் பழகிவிட்டேன். அந்தப் பிசியோ அம்மாவின் போன் நம்பரை எழுதி எடுத்துக்கொண்டு போனாள் என்பது மட்டும் தெரியும்.

சபை தொடர்ந்து நடக்கிறது. ஒரே ஒரு மாற்றம். அத்தைக்குப் பால் பொங்கும்போது நான் நிறுத்திவிடுகிறேன். எந்த வரியோ அதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறாள். அத்தை திரும்பி வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, டம்ளரைக் கையில் எடுத்த பிறகுதான் அடுத்த வரி.

ஞாயிறு வருகிறேன். வாசலோடு நிற்கமாட்டேன்.

அப்பா